ஊசி படாத பாறை

கடலே இல்லாத விருத்தாசலத்தில் கப்பல்காரனாக இருப்பது பெரிய ரோதனை. மங்கலம்பேட்டைப் பக்கம் போனால் துபாயில் எந்தக் கம்பெனி என்பார்கள். கப்பலில் என்றால், "அங்க என்னங்க, மீனு புடிப்பீங்களா?" எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "ஆமா, திமிங்கலம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நான் அப்போது ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கடல் வரைபடங்களைத் திருத்துவது என் பொறுப்பு. வாராவாரம் அறிவிப்புகள் வரும். இந்த இடத்தில் நீருக்கடியில் பாறை இருக்கிறது, இந்த முனையில் புதிதாகக் கலங்கரை விளக்கம் எரிகிறது என்று. கூடவே மெல்லிய டிரேசிங் தாள்களும் வரும். தாளை வரைபடத்தின் மேல் விரித்து, குறித்த புள்ளியில் ஊசியால் குத்தி, அடியில் விழுந்த துளையில் ஊதா மையால் வரைய வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் இடது மூலையில் அறிவிப்பின் எண்ணை எழுத வேண்டும். அடுத்து வருகிறவன் அந்த மூலையைத்தான் பார்ப்பான். எண் இருந்தால் வேலை முடிந்தது என்று நம்பிவிடுவான்.

அந்த மார்கழியில் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் என் பொறுப்பை ஒரு தூத்துக்குடிப் பையனிடம் ஒப்படைத்தேன். அவன் இரண்டாம் அதிகாரியாக ஏறிய முதல் கப்பல் அது. என்னைக் கரைக்குக் கொண்டுபோகும் படகு கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு நினைப்பில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேசையில் கிடந்ததை அள்ளிப் பெட்டியில் திணித்துக்கொண்டு இறங்கினேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், ஏழரை மணிக்குக் கரண்ட் போனது. நானும் என் மனைவியும் மொட்டை மாடிக்குப் போனோம். அவள் செராமிக் பேட்டையில் ஒரு யூனிட்டில் வேலை செய்கிறாள். சூளையிலிருந்து வரும் கோப்பைகளை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறலைக் கண்டுபிடிப்பாள். பேட்டைப் பக்கம் புதிதாக ஒரு செல்போன் டவர் எழும்பியிருந்தது. ஊரே இருட்டாக இருக்க, அதன் உச்சியில் மட்டும் ஒரு வெள்ளை வெளிச்சம் வெட்டியது.

விளக்கைக் கண்டால் எண்ணுவது கப்பல்காரன் புத்தி. மூன்று வெட்டு, பிறகு இருட்டு. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை அதே மூன்று. நான் கடைசியாக வரைந்த கலங்கரை விளக்கத்தின் கணக்கு அது. விளக்குகளுக்கு ஆள்முகம் மாதிரி ஆளுக்கொரு கணக்கு உண்டு.

"என்னங்க, மூணு மூணா வெட்டுது" என்றாள் அவளும்.

கீழே ஓடிப் பெட்டியைக் கவிழ்த்தேன். அள்ளி வந்த குப்பையில் இரண்டு டிரேசிங் தாள்கள் இருந்தன. எமர்ஜென்சி லைட்டுக்கு முன்னால் பிடித்தேன். கலங்கரை விளக்கின் தாளில் ஊசித் துளை பளிச்சென்று தெரிந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி இருந்த பாறையின் தாளில் துளையே இல்லை. ஆனால் இரண்டு எண்களையும் மூலையில் எழுதிய ஞாபகம் நன்றாக இருந்தது. பின்னாலேயே இறங்கி வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தட்டிப் பாக்காம ஓகே சீட்டு ஒட்டுவாங்களா யாராச்சும்? நாங்க ஒட்டினா சூப்பர்வைசர் தொலைச்சிருவாரு" என்றாள் அவள்.

"வாய மூடு" என்று கத்தினேன். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பையன் கலங்கரை விளக்கைப் பார்த்து, அதையே நம்பி, அதை ஒட்டிப் போவான். பாறை அங்கேதான் இருக்கிறது. கப்பலில் இருபத்து மூன்று உயிர்.

சென்னை ஆபீசுக்கு விடாமல் போன் அடித்தேன். கப்பலுக்குச் செய்தி அனுப்புகிறோம், கிடைக்கிறதா பார்ப்போம் என்றார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கப்பலிலிருந்தே கூப்பிட்டார்கள். அந்தப் பையன்தான்.

"சார், அந்த இடத்தை நேத்தே தாண்டிட்டோம். உங்க கணக்குல ஏழரை மணி இருக்கும்."

"விளக்கப் பாத்தியா?"

"எரியல சார். புது விளக்குன்னு வரைஞ்சிருக்கு, ஒரு வெளிச்சமும் காணோம். நாம நிக்கிற இடமே தப்போன்னு கேப்டனுக்குச் சந்தேகம் வந்துட்டு. நாலு மைல் வெளிய தள்ளிப் போயிட்டோம். எரிஞ்சிருந்தா பக்கத்துலதான் போயிருப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. திரும்பும்போதும் அதே வழிதான் என்றான். பாறையை இப்போதே வரைந்துவிடுவதாகவும், மூலையில் எண் ஏற்கெனவே இருக்கிறதே, என்ன செய்வது என்றும் கேட்டான்.

"அத அடிச்சுடு தம்பி. பாறையக் குத்தி வரைஞ்சிட்டு, உன் கையால திரும்ப எழுது."

மத்தியானம் சாப்பிட வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"டவர் வாட்ச்மேனக் கேட்டேங்க. அதுக்கு இன்னும் லைனே குடுக்கலியாம். மேல பல்பே மாட்டலியாம்."

அன்றும் ஏழரைக்குக் கரண்ட் போனது. இருவரும் மாடிக்குப் போனோம். டவர் இருட்டில் கறுப்பாக நின்றது. நான் பதினைந்து பதினைந்தாக எண்ணிக்கொண்டே இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஜில்லென்று இருந்தது.

"இன்னிக்கு எரியலீங்களே."

"அப்ப அங்க எரியுது" என்றேன்.