சிங்கம்புணரி முட்டைகளும் நான்கு புள்ளிகளும்

இயங்குதளத்தின் கருவை எழுதுகிறவரை உலகம் நினைத்துக்கொள்வது, அது நின்றுபோன நாளில் மட்டும்தான். இத்தொழிலில் என்னோடு அல்லற்படும் அன்பர்களுக்கு இது புதிதன்று. மற்றவர்கள் சில செய்திகளை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

காரைக்குடி செக்காலையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், இன்குபேட்டர் என்னும் முட்டை பொரிக்கும் பெட்டிகளுக்கு இயங்குதளம் எழுதும் சிறு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். அதற்கு முன், புலவர் பட்டம் பெற்று, பள்ளியில் தமிழ் இலக்கணம் கற்பித்தேன். பெட்டிக்குள் ஓடுவது ஒரே நிரல். அதற்குள் வேலைகள் நான்கு: சூட்டைக் காப்பது, முட்டைகளைத் திருப்பி வைப்பது, திரையில் எண்ணைக் காட்டுவது, உரிமையாளரின் செல்போனுக்குச் செய்தி அனுப்புவது. ஒவ்வொரு வேலையும் ஒரு த்ரெட். நான் இழை என்று எழுதுகிறேன். யார் ஓடலாம், யார் காத்திருக்கலாம் என்று ஆணையிடுவது, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல். எங்கள் முதல் பதிப்பில் கெர்னலுக்கு நிரலை மட்டுமே தெரியும். உள்ளே நான்கு இழைகள் இருப்பது தெரியாது. இந்தக் கடைசிச் செய்தியை மறவாதிருங்கள். வந்த வினையெல்லாம் அதனால் வந்தது.

டவர் போன நாள்

சிங்கம்புணரியில் நாட்டுக்கோழி வளர்க்கும் ராக்கம்மாள் அக்கா எங்கள் முதல் வாடிக்கையாளர். ஒரு முற்பகலில் அவர் முட்டைத் தட்டு ஒன்றைப் பேருந்திலும் ஆட்டோவிலும் சுமந்து வந்து, என் மேசைமீது, விசைப்பலகைக்கு மேலேயே வைத்தார். மூடியிருந்த துணியை விலக்கினார். கரு பிடித்து வளர்ந்த நூறு முட்டைகளில் ஒன்றும் தேறவில்லை.

முந்தைய நாள் அவர் ஊரில் டவர் போயிருந்தது. செய்தி அனுப்பும் இழை டவருக்காகக் காத்திருந்தது. கெர்னலோ நிரல் முழுவதுமே காத்திருப்பதாகக் கொண்டு, நான்கையும் சேர்த்து உறங்க வைத்துவிட்டது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்க வேண்டிய இழையும் உறக்கத்தில் இருந்தது. இதனை நான் வரிசையாக விளக்கினேன். கேட்டு முடித்து அவர் சொன்னார்:

"அடுத்த ஈட்டுக் குஞ்சுகளை எங்க மகளிர் குழுவுக்குத் தாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அதுவும் போச்சுன்னா பெட்டிய நீங்களே வச்சுக்கங்க. அது கெடக்கட்டும், செல்லுக்கு டவர் கெடைக்கலைன்னா என் முட்டை ஏன் டீச்சரம்மா வேகணும்?"

ஒரு வீடு, நான்கு அடுப்பு

ஒவ்வோர் இழையையும் கெர்னல் தன் பட்டியலில் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று காத்திருந்தால் அது மட்டுமே காத்திருக்க வேண்டும். இதுவே என் கோரிக்கை. நிறுவனத்தின் உரிமையாளர் மெய்யப்பன் அண்ணன் உடன்படவில்லை. நினைவகம் சிறியது, கெர்னலைத் தொட்டால் வாரக்கணக்கில் இழுக்கும், செய்தி இழைக்கு மட்டும் ஓர் ஒட்டுப் போட்டால் போதாதா என்றார். பலகையில் இரண்டு முறை படம் வரைந்தேன். இரண்டு முறையும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாம் முறை நான் படம் வரையவில்லை. அண்ணனின் பூர்வீக வீட்டில் மணமான சகோதரர் நால்வர். நகரத்தார் குடும்பங்களில், மணமான மகனை அதே வீட்டுக்குள் தனி அடுப்பு கொடுத்து வேறு வைப்பார்கள். கோயில் ஏட்டில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. "உங்கள் வீடு முழுவதையும் கோயிலில் ஒரே புள்ளியாக எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா அண்ணே?" என்று கேட்டேன். கையிலிருந்த பேனாவை அவர் கீழே வைத்தார்.

"அதெப்படி? வீடு ஒண்ணு, புள்ளி நாலு! சிங்கப்பூர் போன அண்ணன் இன்னும் வரலைன்னு, இங்க இருக்க தம்பிமாரு அடுப்புப் பத்தவைக்காம உக்காந்திருப்பாகளா? … ஓ, அதத்தான் சொல்றீகளா? சரி, எழுதுங்க."

சாவி

எழுதினேன். ஒழுங்கில் எனக்குள்ள பற்று இங்கேதான் என்னைக் கவிழ்த்தது. இழைகளுக்குத் தகுதிவரிசை வகுத்தேன்: சூடு முதலாவது, திருப்புதல் அடுத்தது, செய்தி அதற்கும் அடுத்தது, திரை கடைசி. வெப்பமானியை ஒரு நேரத்தில் ஓர் இழையே படிக்கலாம் என்று அதற்கு ஒரு பூட்டும் போட்டேன். அழகான ஏற்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடையில் வாங்கிய முட்டைகளை வைத்துச் சோதித்த இரண்டாம் நாள், சூடு மளமளவென்று ஏறியது. திரை இழை சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து உள்ளே போயிருந்தது. பாதி வேலையில், தன்னைவிட மேலான திருப்பும் இழை வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. சாவி ஓரத்தில் நின்ற திரை இழையிடமே இருந்தது; முதலிடத்துச் சூட்டு இழை பூட்டிய கதவின் முன் நின்றது. தவறு முழுவதும் என்னுடையது என்று மெய்யப்பன் அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார், அதைவிடத் திட்டியிருக்கலாம். ஆனால் தீர்வையும் அவரே சொன்னார்.

"பெரியவுக வாசல்ல நிக்கிறாக, சாவி கடைக்குட்டி இடுப்புல இருக்கு. அப்பக் கடைக்குட்டிக்கு மொதப் பந்தியிலயே எலை போட்டு, சட்டுன்னு அனுப்பி விடுங்க. சாவியக் குடுத்தபெறகு பழைய எடத்துல உக்காரட்டும்!"

சாவி வைத்திருக்கும் இழைக்கு, அதைத் தரும்வரை முதலிடம் என்று அப்படியே எழுதினேன். அந்தக் குறை திரும்ப வரவில்லை.

இருபத்தோராம் நாள்

புதிய பதிப்பை ஏற்றியபின், ராக்கம்மாள் அக்கா நூறு முட்டைகளைப் பெட்டியில் வைத்தார். பன்னிரண்டை, எங்களை நம்பாமல், ஒரு கோழியின் அடியிலும் வைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தால் ஐம்பது வைத்திருப்பேன்.

இருபத்தோராம் நாள் காலையில் சிங்கம்புணரிக்குப் போனேன். போய் நின்ற சிறிது நேரத்தில் டவர் போயிற்று. திரையில் 'செய்தி காத்திருக்கிறது' என்னும் வரி தோன்றியது. நான் அதைப் பார்க்கவில்லை. அதன் மேலிருந்த சூட்டின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் அணைந்தது, எரிந்தது, மீண்டும் அணைந்தது. எண் அசையவில்லை. உள்ளே ஓர் ஓட்டில் விரிசல் விழுந்தது. பிறகு பக்கத்து ஓட்டில். நண்பகலுக்குள் தட்டு முழுவதும் கீச்சிட்டது. டவர் திரும்பி, 'சூடு சரியாக உள்ளது' என்று அக்காவின் செல்லில் செய்தி வந்தபோது, குஞ்சுகளின் தூவி உலர்ந்து முடிந்திருந்தது.

செல்லைப் பார்த்துவிட்டு அவர் என் கையில் ஒரு குஞ்சை வைத்தார். "என் கோழி எரை திங்கப் போனா அம்புட்டு நேரமும் முட்டை ஆறுது. ஒங்க பெட்டி டவரையும் தேடிக்கிட்டு, சூட்டையும் விடாமப் பாக்குது. ஆனா றெக்கைக்குள்ள எடம் குடுக்க அதுக்குத் தெரியாதுல்ல, டீச்சரம்மா?"

பின்னர் உறுதியானவை இவை. பெட்டியில் எண்பத்தேழு குஞ்சுகள் பொரிந்தன. மகளிர் குழுவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியது. கோழி பன்னிரண்டில் பதினொன்றைப் பொரித்தது. விகிதத்தில் அதுவே வென்றது என்பதை அக்கா எல்லாரிடமும் சொல்கிறார். பெட்டி திரும்பி வரவில்லை; பக்கத்துத் தெருவுக்கும் ஒன்று போயிருக்கிறது. திரையில் எண் சற்றுத் தாமதமாக மாறுகிறது, எவரும் முறையிடவில்லை. எங்கள் அலுவலகத்தில் இழைக்குப் புள்ளி என்ற பெயர் நிலைத்துவிட்டது. நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். சிங்கம்புணரியில் டவர் இன்றும் தன் விருப்பப்படியே வந்து போகிறது; காத்திருப்பவரைக் காத்திருக்க விட்டு மற்றவர்கள் தம் வேலையைப் பார்க்கலாம் என்ற எளிய நீதியைக் கெர்னலுக்குக் கற்பிக்க, எனக்கு ஒரு புலவர் பட்டமும் நூறு முட்டைகளும் செலவாயின.