ஆறாம் தாளில் ஒரு மஞ்சள் கட்டம்

மார்ல்பி நகரமன்றத்தின் வரைபட அறையில் பாஸ்க்குக்கு எதிர் மேசை என்னுடையது. பதினோரு வருஷம்! மனிதர் பேசமாட்டார், சிரிக்கமாட்டார், தேநீரைக்கூட ஆறவிட்டுத்தான் குடிப்பார்.

"உங்களோட உக்காந்திருக்கிறதும் கல்லறையில உக்காந்திருக்கிறதும் ஒண்ணுதான்" என்று சீண்டுவேன்.

"அங்க இவ்வளவு சத்தம் இருக்காது, மேவிஸ்" என்பார்.

எங்கள் வரைபடத்தில் நாற்பது அடி நிலம் ஓர் அங்குலம். கடலோர விடுதிகளின் சன்னல் துருத்தல்கூடத் தெரியும். செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். ஏதாவது மாறினால் லண்டனிலிருந்து திருத்தி அச்சிட்ட காகிதத் துண்டு வரும். அதைப் பழையதன் மேல் ஒட்டுவது பாஸ்க்கின் வேலை. ஒட்டிய துண்டு ஓரம் தூக்கினால், யார் கண்ணில் பட்டாலும் உடனே பசை தடவி அழுத்திவிட வேண்டும். அது அறையின் வழக்கம்.

போர்க்காலத்தில், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, ஒரு ஞாயிறு மதியம் கரோலின் தெருவில் குண்டு விழுந்தது. பாஸ்க் கடற்கரையில் ஊர்க்காவலில் இருந்தார். அவர் மனைவி ஹெஸ்டர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். அவளும் போனாள், வீடும் போனது. ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை.

நாற்பத்தேழில் அந்தத் தெரு இருக்கிற ஆறாம் தாளுக்குத் துண்டு வந்தது. பாஸ்க்கின் ஒன்பதாம் எண் வீடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. பாஸ்க் அதை மூன்று வாரம் மேசைக்குள்ளேயே வைத்திருந்தார்.

"என்னய்யா பாஸ்க், ஆறாம் தாள் இந்த ஜென்மத்துல முடியுமா?" என்று மேலதிகாரி தோரல்ட் கத்தினார். அன்று மாலையே பாஸ்க் ஒட்டிவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் பாஸ்க் பல் வைத்தியரிடம் போயிருந்தார். ஏதோ வேலையாக ஆறாம் தாளை விரித்தேன். அந்தத் துண்டு மேல் விளிம்பில் மட்டும் ஒட்டியிருந்தது. 'கிழவருக்குக் கை தளர்ந்துபோச்சு' என்று முணுமுணுத்துக்கொண்டே பசையைத் தாராளமாகத் தடவி, உருளையால் அழுத்தினேன். செய்வதைத் திருந்தச் செய்கிற திமிர் எனக்கு.

மதியம் வந்தவர் தாளை விரித்தார். துண்டின் ஓரத்தில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு மூலையில் முயன்றார்.

"யாரு ஒட்டினது?"

"நான்தான். தூக்கிட்டு நின்னுச்சு."

"தினமும் தூக்கிப் பாப்பேன், மேவிஸ். வீட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு மஞ்சள் கட்டம் இருக்கும். ஹெஸ்டருக்கு நான் பலகையடிச்சுக் கட்டிக் குடுத்த சமையலறை. அவ கடைசியா அங்கதான் நின்னா."

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்! ஓடிப்போய்க் கெட்டிலைக் கொதிக்கவைத்து, துண்டுக்கு ஆவி காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டு கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. இளஞ்சிவப்பு வீடு அப்படியே இருந்தது. மஞ்சள் கட்டம் மட்டும் ஊறிக் கூழாகி, துண்டின் முதுகோடு வந்துவிட்டது.

தூரிகையைத் தேடி எடுத்தேன். "இருங்க, நான் வரைஞ்சு தரேன். அச்சு அசலா அதே மாதிரி..."

"வேண்டாம்மா. நீ அதுக்குள்ள வந்ததே இல்லையே."

பசைக் கிண்ணத்தை இழுத்து, வெள்ளைத் துண்டை நான்கு ஓரமும் அவரே ஒட்டினார். என்னை நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். திட்டவில்லை. ஓய்வுபெறும்வரை இன்னும் ஆறு வருஷம் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஆறாம் தாளுக்கு வரும் துண்டுகளை மட்டும் என் பக்கம் நகர்த்திவிடுவார்.