பூட்டின ஃபைலும் திறந்து கிடந்த ரிப்போர்ட்டும்

சிஸ்டம் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, ஒரு ஃபைலைக்கூட எவரும் திறக்காமலே ரகசியம் வெளியே போகும். என் கையாலேயே போயிருக்கிறது.

இலங்கையின் பதுளையில், தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் புகார்களை எடுத்து வழக்கு நடத்தும் சின்ன அலுவலகம் அது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். இருந்தது ஒரே லினக்ஸ் சர்வர்; அதைப் பார்த்துக்கொண்டது நான். பின்னேரம் வெளியாட்களுக்கு நடத்திய கொம்பியூட்டர் வகுப்பும் அதிலேதான். புகார் ஃபைல்களை வேறு யாரும் திறக்க முடியாதபடி பெர்மிஷன் போட்டேன். எந்த ஃபைலில் கை வைத்தாலும் காட்டிக்கொடுக்கும் செக்யூரிட்டி டூல் ஒன்றையும் ஓடவிட்டேன். எனக்கு இருந்த மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு திங்கட்கிழமை, பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் செல்வமலர் வந்தார். தன்னிடம் தப்பாக நடந்த, மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைமேல் புகார் கொடுத்திருந்தவர்.

“நான் இங்க வந்தது அவருக்கு எப்புடிங்க தெரியும்? காலையில வேலைக்குப் பேரு பதியிற பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்ப, ‘பதுளைக்குப் போயி பெட்டிசம் போட்டியாமே’ன்னு கேக்குறாரு. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மலைக்குப் போவேன்?”

எங்கள் பொறுப்பாளர் சாந்தினி மிஸ், யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி. என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆர் ஃபைலைத் திறந்தது?”

“ஒருத்தரும் தெறக்கல மிஸ். பெர்மிஷன் டைட்டா இருக்கு.”

சொல்லிவிட்டு, வகுப்புக்காரர்களின் லொகினில் நுழைந்து பார்த்தேன். ஐயோ! ஃபைல்கள் பூட்டினபடியேதான் இருந்தன. ஆனால் டூல் தினமும் எழுதும் ரிப்போர்ட்டின் பெர்மிஷனை, கன்ஃபிகில் 644 என்று விட்டிருந்தேன். அதாவது, சர்வரில் நுழைகிற யாரும் வாசிக்கலாம். அதில் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாகக் கிடந்தன. தோட்டங்களில் ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள் என்று, ஆளின் பெயர், தோட்டத்து டிவிஷன், லயம் என்கிற வரிசை வீட்டின் நம்பர் எல்லாம் சேர்த்துத்தான் ஃபைலுக்குப் பெயர் வைப்போம். வகுப்புக்கு வந்த செல்வமலரின் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவருக்கு, கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொல்ல அதுவே போதுமாயிருந்தது.

644ஐ, நான் மட்டும் வாசிக்கக்கூடிய 600 ஆக்க அரை நிமிஷம் ஆனது. “திருத்திட்டேன் மிஸ்.”

“மெஷினைத் திருத்திப்போட்டீர். அவவிட்ட ஆர் சொல்லுறது? நீரே சொல்லும்.”

சொன்னேன். செல்வமலர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

“எம்பேரு நாறிப்போச்சு, இனி பயந்து என்னாங்க செய்ய? கேஸ நடத்துங்க. அந்த லிஸ்டுல இன்னும் எத்தன பொம்பளைங்க இருக்காங்க தம்பி? அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். லயத்துக்குப் போனால் ஊரே பார்க்கும் என்று, அவர்கள் சாமான் வாங்க டவுனுக்கு வரும் ஞாயிறுகளில் மிஸ் சந்திக்க ஏற்பாடு செய்தார். ஒவ்வொருவரிடமும் என் பிழையை நானே சொன்னேன். ஒன்பது பேர் புகாரை விடவில்லை. இரண்டு பேர், “எங்களுக்கு ஒன்னும் வேணாம், அழிச்சிருங்க” என்று அழுதார்கள்.

பெர்மிஷன் போட்டால், பார்க்கக் கூடாதவரின் லொகினில் நுழைந்து ஒரு தடவை பாருங்கள். டூல் எழுதுகிற ரிப்போர்ட்டையும் விடாதீர்கள். நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு ஃபைலையும் என் கையாலேயே அழித்தேன். அந்தப் பெண்களுக்கு நியாயம் கிடைக்காமல் போனது என்னால்தான்.