புள்ளிக்குத் துட்டு கிடையாது

அந்த எவர்சில்வர் செம்பின் கழுத்துக்குக் கீழே மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அ, ப், பா. உளி முனையால் புள்ளி புள்ளியாகத் தட்டி வெட்டிய எழுத்துகள். என் மருமகள் ஆசையாகச் செய்துவைத்த, சத்தமே வராத இழுப்பறைகள் எதிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எழுபதுகளில் கல்யாணம் முடிந்து மில்லர்புரத்துக்கு நான் வந்தபோது என் சமையலறையில் இருந்தவை ஒரு மண்சட்டி, ஓர் அகப்பை, ஒரு தீப்பெட்டி. அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க். சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் பாத்திரங்களைப் பெயர் வெட்டிச் சீராகக் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் ஊரோ தாமிரபரணிப் பாசனத்தின் கடைமடை. அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் எங்கள் வயல்வரை எட்டவில்லை. அப்பா வெறுங்கையோடு என்னை அனுப்பிவைத்தார். "அடுத்த அறுப்புக்குப் பாத்திரத்தோட வாரேன்" என்று சொன்னவர், அதன்பின் எட்டு மாதமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இங்கே யாரும் ஒரு சொல் கேட்டதில்லை. அப்பாவுக்குத்தான் வெட்கம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய அப்பா, வரவில்லை. எனக்குப் பாத்திரம் இல்லாத குறை பெரிதாகத் தெரியவில்லை, அப்பா என் கையால் ஒரு வாய் சாப்பிடாததுதான் குறையாக இருந்தது.

அடுத்த தெருவில் இருந்த மதினிக்கு இது சொல்லாமலே தெரிந்துவிட்டது. "மொதல்ல அடுக்களைய நெறப்புவோம், பொறவு அவரைக் கூப்பிடுவோம்" என்று கிளம்பினாள். பழைய டால்டா டின்னில் ஓட்டை போட்டு மரத்தூள் அடுப்பு ஆக்கினாள். மரக்கடையில் தூள் சும்மா கிடைத்தது. கப்பலில் சாமான் வந்த பெட்டிப் பலகைகளை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். ஏதோ அயல்நாட்டு எழுத்து தலைகீழாகத் தெரிய, அவை எங்கள் அலமாரி ஆயின. பாத்திரத்துக்கு என்னை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய பாத்திரக் கடைக்கு இழுத்துப்போனாள். அடுத்தவர் பெயர் வெட்டிய பாத்திரங்களை யாரும் விரும்பி வாங்காததால் அவை மலிவு. மதினி அவற்றையே பொறுக்கினாள். நான் தயங்கியதைப் பார்த்து, "பாத்திரத்துலதானளா சோறு வேகும், பேர்லயா வேகும்?" என்றாள்.

அப்படித்தான் லூர்தம்மாளும் ஆமினாவும் பா. செல்லத்தாயும் என் அடுக்களைக்குக் குடிவந்தார்கள். யார் யாரோ, எங்கே இருந்தார்களோ தெரியாது. நாங்கள் பாத்திரங்களைப் பெயர் சொல்லியே அழைத்தோம். ஆமினாவில் பருப்பு வெந்தது, செல்லத்தாயில் சோறு பொங்கியது. ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது மதினி உள்ளிருந்து, "லூர்தம்மாளக் கவுத்திப் போடுளா, தண்ணி வடியட்டும்" என்று சத்தம் போட, பாவம் மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

எல்லாம் சேர்ந்த பிறகு மதினி தன் சிறுவாட்டுக் காசில் புதிதாக ஒரு செம்பு வாங்கினாள். அப்பா கொடுத்ததாக அதில் அவர் பெயரை வெட்டவேண்டுமாம். கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதினால் அவர் இன்னும் நொந்துபோவாரே என்றேன். அவள் கேட்கவில்லை. பெயர் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். அப்பாவின் பெயரோ ஊரும் முதலெழுத்தும் சேர்ந்து நீண்டுகொண்டே போகும். விரல் விட்டு எண்ணிப் பார்த்த மதினி, "அப்பான்னு மட்டும் வெட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

"யாருக்கு அப்பான்னு எப்படித் தெரியும் மதினி?"

"நம்ம ரெண்டு வீட்டுலயும் அப்பா இருக்கது உனக்கு மட்டுந்தானளா. எங்களுக்குத்தான் சின்னதுலயே போயிட்டாரே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பெயர் வெட்டுகிறவரிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, நடுவுல உள்ளது புள்ளி எழுத்து. அதுக்குத் துட்டு கிடையாது."

"நான் வெட்டுதது எல்லாமே புள்ளிதானம்மா."

"அப்பம் ஒண்ணுக்குமே துட்டு கிடையாதுல்லா."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டு எழுத்துக் கூலிதான் வாங்கினார்.

பிறகு மதினியே அப்பாவுக்குக் கடிதம் போட்டாள். அடுக்களையில் ஒரு குறையும் இல்லை, வந்து பாருங்கள் என்று. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு தார் வாழைக்காயோடு, கல்யாண வீட்டுக்குத் தப்பாக வந்துவிட்டவர்போல வாசலில் நின்றார். நான் செம்பை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மதினி அதைத் தேடியெடுத்து, தண்ணீர் மொண்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அப்பா குடித்துவிட்டுத் தடவிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது நான் குடுக்கலையே."

"குடுக்கப் போறத முன்னாடியே எழுதி வச்சிருக்கோம் மாமா" என்றாள் மதினி.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எலையப் போடு" என்றார். புள்ளிக்குத் துட்டு கொடுக்காத கதையை மதினி சொல்லச் சொல்ல, விளைமீன் குழம்புக்கு மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினார். செல்லத்தாயின் அடி தெரிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில், அடியில் மிஞ்சிச் சுண்டிய கஞ்சியே அமிர்தமாக இருந்தது.

அறுப்பு முடிந்ததும் அப்பா சொன்னபடியே வந்தார். பையில் இரண்டு புதுச் செம்புகள். இரண்டிலும் 'மகள்' என்று வெட்டியிருந்தது. ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றதை மதினியிடம் நீட்டி, "கடைசிப் புள்ளிக்கு எங்க ஊர்லயும் துட்டு வாங்கல" என்றார். மதினி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். செம்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மதினிக்கு இப்போது மறதி. போன வாரம் அவள் மகன் அழைத்துவந்து விட்டுப்போனான். என் பெயர்கூட அவளுக்குச் சட்டென்று வரவில்லை. இயந்திரத்தின் மேலிருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது யாரு குடுத்தது?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்குல்லா மதினி."

விரலால் தடவித் தடவிப் படித்தாள். "நம்ம அப்பா" என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள். "நடு எழுத்துக்குத் துட்டு குடுக்கலைளா."