திண்டுக்கல்லுக்குப் போன மாம்பழம்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். மதியத்துக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாளே ஓசூரில் பஸ் ஏறிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை.

"நம்ம வம்சத்துலயே மொதல்ல படிச்சவ நீ. பஸ்ல ஒண்டியா போவியா? சித்தப்பா கார் இருக்குது. குடும்பத்தோட போலாம் பாப்பா."

எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஓசூர் கம்பெனியில் கான்ட்ராக்டில் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். இந்த வேலை கிடைத்தால் அந்தச் சீருடையைக் கழற்றிவிடலாம்.

விடிவதற்கு முன் இஸ்திரி போட்ட புடவையோடு கெலமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தால், கார் டிக்கியிலும் நான் கால் வைக்க வேண்டிய இடத்திலும் செந்தூரா மாம்பழ டிரேக்கள். மாம்பழ சீசனில் சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போனால் எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். வெறுங்கையோடு போனால் அதைவிடக் குற்றம்.

ராயக்கோட்டையில் அத்தை வீடு. காபி ஆறுவதற்குள் தெருவே வந்துவிட்டது.

"என்னாடி, காலேஜ் டீச்சர் ஆயிட்டா எங்களெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள் அத்தை.

"இன்னும் ஆகலீங்க அத்தை. போனாத்தான் ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தர்மபுரியில் மாமா வீட்டிலும் அதேதான். சாப்பிடாமல் எழுந்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று அம்மா என் தொடையைக் கிள்ளி உட்கார வைத்தாள். அப்பா என்னை வாசலில் நிறுத்தி, புது டிராக்டரைக் காட்டுவதுபோல் காட்டினார். என்னைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனாலேயே அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தொப்பூர் கணவாய் இறங்கியதும் அனல் முகத்தில் அடித்தது. சேலம் தாண்டி நாமக்கல் போகும் வழியில் பானட்டிலிருந்து புகை கிளம்பியது. சித்தப்பா வண்டியை ஓரங்கட்டினார். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஃபேன் ஓடலியே சித்தப்பா?"

"அது ஓடி ரெண்டு வருசமாச்சு கண்ணு. நம்மூரு குளிருக்கு ஃபேன் எதுக்கு? கெலமங்கலத்துக்கும் ஓசூருக்கும் போய் வந்ததுல இன்னிவரைக்கும் ஒருநாளும் சூடானதில்ல."

மேட்டு நிலத்தின் குளிரிலேயே ஓடிப் பழகிய வண்டி. அந்தக் குளிர் உலகம் முழுக்க இருக்கும் என்று நம்பிய சித்தப்பா. சாலைக்கு நடுவே போய் நின்று, வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன். "ஒண்டியா போவாத" என்று கத்திக்கொண்டே அப்பாவும் ஏறினார். அவர் தோளில் ஒரு டிரே மாம்பழம்.

"அதை ஏம்பா தூக்கிட்டு வரீங்க?"

"பெரிய எடம். வெறுங்கையோட போவக் கூடாது."

கரூரில் பஸ் மாறி, திண்டுக்கல்லில் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குள் ஓடியபோது வராந்தாவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டதாகவும், நேர்காணல் எடுத்தவர்கள் கிளம்பிவிட்டதாகவும் அட்டெண்டர் சொன்னார். நான் திரும்பியிருப்பேன். அப்பாதான் டிரேயை இறக்கி, நல்லதாக ஒரு பழம் பொறுக்கி அவரிடம் நீட்டினார்.

"நம்ம தோட்டத்துப் பழம்ங்க, மருந்து அடிக்காதது. பொண்ணு தங்க மெடலுங்க. ஒரு வார்த்தை போன்ல சொல்லிப் பாருங்களேன்."

எனக்கு மெடல் எதுவும் கிடையாது. அட்டெண்டர் பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"நல்லாப் பழுத்திருக்கு," என்றார். கதவைப் பூட்டினார். அப்பா கையைக் கூப்பியபடியே நின்றார்.

அப்பா பிறகு ஊரெல்லாம் பேசினார். கார் மட்டும் மக்கர் பண்ணாமல் இருந்திருந்தால் பாப்பா இன்றைக்கு விரிவுரையாளர் என்பார். அத்தை வீடும் மாமா வீடும் அந்தக் கதையில் வராது. சித்தப்பா கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருப்பார். ஃபேனை மாற்றிவிட்டார், பாவம்.

இந்தக் கோடையில் ஈரோட்டில் ஒரு நேர்காணல் வந்திருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. அன்று ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கம்பெனிச் சீருடையிலேயே கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் புடவை மாற்றிக்கொள்வேன். வேலை கிடைத்தால் முதலில் அப்பாவிடம் சொல்வேனா? தெரியவில்லை. சொன்ன மறுநாளே டிரேக்களைக் காரில் ஏற்றிவிடுவார்.