செவந்தி மாலை போட்ட மழைமானி

2015 ஒக்டோபர் 21, புதன்கிழமை. ஆயுத பூசை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தேமுக்காலுக்குப் பிள்ளைக் காம்பராவின் கதவைத் திறந்தேன். ஆறு மணிக்கு முற்றத்து மழைமானியைப் பார்த்தேன்: ஏழு மில்லிமீற்றர். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஆறேகாலுக்குக் கஞ்சி அடுப்பில் ஏறியது. ஆறரைக்கு முதல் தாய் தன் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். அன்று அரை நாள் வேலைதான்.

வத்தேகமவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலைக்குப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். அதோடு மண்சரிவு அனர்த்தக் குழுவின் செயலாளரும் நானே. எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இருந்ததால் கூட்டத்தில் எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள். அப்போது அதிகாரிகள் ஒரு மழைமானி தந்தார்கள். கம்பத்தில் பொருத்திய கண்ணாடிக் குழாய், அதன் வாயில் புனல், குழாயின் மேல் ஒரு மஞ்சள் கோடும் ஒரு சிவப்புக் கோடும். தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் எச்சரிக்கை. சிவப்பைத் தொட்டால் மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் இருக்கும் பதினொரு குடும்பத்தையும் இறக்கிப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் குறுக்காக ஒரு வெடிப்பு இருந்தது. என் காலடியில் அது முப்பத்தாறு அடி நீளம். மாதம் ஒரு தடவை போய் அளந்து வருவேன்.

தோட்டத்தில் யாரும் அதை மழைமானி என்று சொல்வதில்லை. மழைப் போத்தல் என்பார்கள். முந்திய வருடம் ஜூனில் தண்ணீர் சிவப்பைத் தாண்டியது. எல்லோரையும் இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் போனபோது இரண்டு கோழிகளைக் காணவில்லை. அதன் பிறகு நான் லயத்துப் பக்கம் போனாலே, "டீச்சர் வாராங்க, கோழியப் புடிச்சுக் கட்டுங்க!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கடந்து போவேன். ஆனால் இன்னொரு தடவை பிழையாகக் கூப்பிட்டால் மூன்றாம் தடவை யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் உள்ளே இருந்தது.

அன்று பத்து மணிக்குப் பூசைக்கு ஆயத்தமானோம். தோட்டத்தில் அன்றைக்குப் பூசை இல்லாத சாமானே கிடையாது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, முச்சக்கர வண்டி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. நான் உள்ளே கடலை அவித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது மேட்டு லயத்து ஒன்பதாம் வீட்டு அக்கா மழைமானிக்கு முன்னால் நின்றிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, வாயும் அப்படித்தான். குழாயைக் கழுவி மூன்று பொட்டு வைத்து, வத்தேகமவில் வாங்கிவந்த செவந்தி மாலையை மேலே இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தார்.

"என்னாக்கா, இதுக்குமா?"

"ஏன், எங்களுக்குக் கூடை, ஒங்களுக்குப் போத்தல். ஒங்க ஆயுதம் இதுதானே டீச்சர்? இந்த வருசமாவது கோழியக் காப்பாத்தட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது. என் வேலையையும் ஒரு வேலையாக மதித்தார்களே என்று நினைத்தேன். ஒரு பக்கம் சரிந்திருந்த மாலையை நானே தூக்கி நேராக வைத்தேன்.

ஒன்று பத்துக்கு மழை பிடித்தது. பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கண்டிப் பக்கமிருந்து இடி உருண்டு வந்தது. கூரைத் தகரத்தின் சத்தத்தில் வானொலியில் பேசியது கேட்கவில்லை. நான்கு மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு. மஞ்சள் கோட்டுக்கு நிறையக் கீழே. கொப்பியில் எழுதிவிட்டு, மேட்டு லயத்தில் இருந்த தோட்டத் தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"பயமில்லைங்க தலைவரே. இருவத்திரெண்டுதான்."

"அப்பாடா. வெளக்கு வைக்கிற நேரத்துல எறங்கச் சொல்லிருவீங்களோன்னு பாத்தேன்."

ஐந்து மணி கடந்து யன்னல்களைப் பூட்டப் போனேன். வெளியே அரைச்சுவரின் மேல் ஒரு பால்மா டின் இருந்தது. பிள்ளைகளின் வண்ணப் பென்சில்கள் வைக்கிற டின். மதியம் கழுவி அங்கே வைத்திருந்தேன். அதில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் நின்றது. முதலில் சாதாரணமாக எடுத்துக் கொட்டப் போனேன். கை பாதியில் நின்றது. டின்னின் சுவர் நேரானது. அதில் இவ்வளவு நின்றால் குழாயிலும் ஏறக்குறைய இவ்வளவு நிற்க வேண்டும்.

குடையை எடுக்காமலே முற்றத்துக்கு ஓடினேன். மாலை ஊறிப் பருத்து, இரண்டு சுற்றும் ஒன்றாகிப் புனலின் வாய்க்கு மேல் உட்கார்ந்திருந்தது. மழை பூக்களில் பட்டு வெளிப்பக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு நான் குனிந்து குழாயின் கோட்டைப் பார்த்தேனே தவிர, வாயைப் பார்க்கவில்லை. மாலையைப் பிய்த்து எறிந்தேன். எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டின்னையும் நம்ப முடியாது, கூரைத் தண்ணீர் தெறித்திருக்கலாம். கையில் சொல்வதற்கு ஓர் எண்கூட இல்லை. ஆனால் பயமில்லை என்று என் வாயால் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நம்பி நாற்பத்திமூன்று பேர் மலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவருக்குப் போன் போகவில்லை. நடந்தேன். மேட்டு லயத்துக்கு ஏறும் படிகளில் தண்ணீர் சிவப்பாக வந்தது. மலை ஊற்றிலிருந்து வழக்கமாகத் தெளிவாக ஓடிவரும் பீலித் தண்ணீரும் சிவப்பாக இருந்தது. மலைக்குள்ளே மண் கரைகிறது என்று அதைப் பார்த்ததும் புரிந்தது.

லயத்தில் எல்லா வாசலிலும் கோலம் நனைந்து கலைந்திருந்தது. ஒன்பதாம் வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. தலைவர் தன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"என்னா டீச்சர், தொப்பையா நனைஞ்சு?"

"எல்லாரும் எறங்கணும். இப்பவே."

"நாலு மணிக்குப் பயமில்லன்னீங்க. இப்ப எறங்குன்னா எது கணக்கு? எத்தன இருக்கு?"

"தெரியாதுங்க."

"தெரியாதா? நீங்களா?"

பின்னால் யாரோ, "கோழியக் கட்டு!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. ஒன்பதாம் வீட்டு அக்காவும் சிரித்தபடி வெளியே வந்தார். "நாள் கெழமையில ஏன் டீச்சர் இப்புடிப் பயமுறுத்துறீங்க? வாங்க, பொங்கல் சாப்புட்டுட்டுப் போங்க."

அவரைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது. "நாலு மணிக்கு நான் சொன்னது பிழை. போத்தல் வாயில மாலை அடைச்சுக் கெடந்துச்சு. மழை உள்ள போகல. நான்தான் சரியாப் பாக்கல."

சிரிப்பு நின்றது. அக்கா பின்பக்கம் போய்க் குசினிக் கதவைத் திறந்து மலையைப் பார்த்தார். வேகமாகத் திரும்பி வந்தார்.

"பீலியில மண்ணு வருது" என்றார் தலைவரிடம். "நான்தான்ணே மாலையச் சுத்துனேன். ரெண்டு சுத்து. எறங்குவோம்."

உள்ளே போய் ஒரு பூவால் விளக்கைக் குளிர வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற வீடுகளில் அசைவு வந்தது. ஆனாலும் தாமதமானது. நான்காம் வீட்டுக்காரர் பூசையில் வைத்த அடையாள அட்டைகளையும் பிள்ளையின் புத்தகங்களையும் எடுக்கவா வேண்டாமா என்று நின்றார். "இன்னைக்குத் தொடக் கூடாதே" என்றார் அவர் மனைவி. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு. ஐந்து ஐம்பத்தைந்து. கத்த வேண்டும் போல இருந்தது. அக்காதான் கத்தினார்: "சாமிகிட்டத்தானே வச்சிருக்கு? சாமி பாத்துக்கும். ஒங்களப் பாக்கத்தான் ஆளில்ல. நடங்க!"

ஆறு நாற்பதுக்குக் கடைசி ஆள் பாடசாலைக்குள் வந்தார். கிராம சேவகருக்குப் போன் கிடைத்தது. காலையில் வருவதாகவும், அதுவரை யாரையும் மேலே விட வேண்டாம் என்றும் சொன்னார். எட்டு மணியாவதற்குள் ஒரு சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல, ஆனால் நிற்காமல் நீண்ட சத்தம். அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது. எது விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்று பார்க்க வழியில்லை. வெளியே மழை மட்டும் கேட்டது. நான் தூங்கவில்லை. பதினொரு வீட்டையும் மனதில் ஒவ்வொன்றாக எடுத்து, அதில் யாரும் இல்லை, அதில் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதையும் நம்ப முடியவில்லை. யாராவது அடையாள அட்டைக்காகத் திரும்பிப் போயிருந்தால்?

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு வெளுக்கத் தொடங்கியது. வாசலிலிருந்து பார்த்தேன். மேட்டு லயத்தின் நடுவில் மூன்று வீடுகளின் கூரை தெரியவில்லை, சிவப்பு மண்தான் தெரிந்தது. ஆண்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். அக்காவைக் கூப்பிட்டேன். இருவருமாக மாணவர்கள் உட்காரும் நீள வாங்கு ஒன்றைத் தூக்கிப் பாடசாலை வாசலுக்குக் குறுக்கே போட்டோம். அவர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "எண்ணி முடியுற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது" என்றார். நான் முதலாம் வீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் தோளையும் கையால் தொட்டுத் தொட்டு, சத்தமாக எண்ணினேன். நாற்பத்திமூன்று.