பூசாரிங்க கதவ சாத்திக்கிற வூடு

நான் காட்டுப்பள்ளி ஷிப்யார்டுல வெல்டரு. இரும்புல இன்னா கேட்டாலும் ஒட்டிக் குடுப்பேன், தெர்மகோல்தான் பேஜாரு. ஏழாவது படிக்கிற எம் பொண்ணு, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஆஸ்டெக் பூசாரிங்களோட கட்டடம் ஒண்ணு செஞ்சுத் தரச் சொன்னா. மெக்சிகோ பக்கத்துல அந்தக் காலத்து ஜனமாம். பூசாரின்னதும் நான் எங்க முகத்துவாரக்குப்பம் அம்மன் கோயில நெனச்சுகினு, பெரிய வாசலா வெட்டி, மேல ஒரு குழா ஸ்பீக்கரும் ஒட்டிட்டேன்.

அவ தலையில அடிச்சிகினா. "நைனா, இது ஊரு ஜனம் வர்ற கோயிலு இல்ல. பூசாரிங்க மட்டும் உள்ள போயி கதவ சாத்திப்பாங்க."

"சாத்திகினு இன்னா பண்ணுவாங்க?"

"ஆனைக்கற்றாழை முள்ளால காதுல, நாக்குல குத்தி, அந்த ரத்தத்த சாமிக்கு வெப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சீ, ஒளிஞ்சிகினு ரத்தம் எடுக்கறது இன்னா கலீஜ் புத்தின்னேன். கட்டில்ல சாஞ்சிருந்த எம் பொண்டாட்டி இளைப்புக்கு நடுவுல சிரிச்சா. "யாரு சொல்றது பாரு. ஆடி வந்தா நாக்குல வேல் குத்திகினு தெருத்தெருவா சுத்தறவரு."

"அது வேற. ஊரே பாக்க, மேளத்தோட குத்திக்கறது. அம்மன் எறங்கிட்டா துளி வலி தெரியாது"ன்னேன். எட்டு வருஷமா எல்லார்கிட்டயும் இததான் பெருமையா சொல்லிகினு வந்தேன்.

பொண்ணு கத்தரிக்கோல கீழ வெச்சா. "அம்மாவுக்கு இளைப்பு நிக்கணும்னு நானும் வேண்டிகினேன் நைனா. இந்த ஆடிக்கு நாக்குல குத்திக்கப் போறேன். கோயில்ல பேரு குடுத்துட்டேன். வலிக்காதுல்ல?"

பொண்டாட்டி சிரிப்பு நின்னுபோச்சு.

எங்க குப்பத்துல வேல் குத்திகினவன் எவனும் வலிச்சுதுன்னு சொன்னதில்ல. சொன்னா, விரதத்துல ஏதோ தப்பு பண்ணிட்டான்னு பேசுவாங்க. குத்தும்போது என் கண்ணுல தண்ணி கொட்டும், அருள்னு நெனச்சிப்பாங்க. அப்புறம் நாலு நாளு வெறும் கஞ்சிதான் எறங்கும். விரதம்னு சமாளிப்பேன். கட்டினவளுக்கே தெரியாது. அந்தப் பொய்ய நம்பித்தான் இந்தப் பச்சப் புள்ள நாக்க நீட்டப் போவுது.

பொண்ணு என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தா. நான் எழுந்து போயி, பக்கத்து வூட்டுக்குக் கேட்டுடப் போவுதேன்னு கதவ சாத்திட்டு வந்து அவகிட்ட உக்காந்தேன்.

"வலிக்கும் கண்ணு. ஒவ்வொரு வருஷமும் உயிரு போவும்"னேன்.